நாற்பத்துமூன்றாவது வரிசை

அலுவலகத்திலிருந்து வந்த படிவத்தில் இரண்டே இரண்டு கட்டங்கள். ஒன்று பதினேழு அங்குலத் திரை லேப்டாப், இன்னொன்று பதின்மூன்று அங்குலம். எது வேண்டுமோ அதில் டிக் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு அதுதான். இதற்குப் போய் ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் அலைந்தேன் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். என் வேலை என்னவென்று சொன்ன பிறகு சிரிப்பு வருகிறதா பார்ப்போம்.

பேருந்துக் கம்பெனியில் ட்யூட்டி அட்டவணை போடுகிறவள் நான். நாற்பத்திரண்டு ஓட்டுநர்கள், மூன்று டிப்போக்கள், வாரத்துக்கு ஏழு நாள். யார் விடிகாலை முதல் வண்டியை எடுப்பது, யார் கடைசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது, யாருக்கு என்றைக்கு விடுப்பு, எல்லாம் நான் போடுகிற கட்டங்கள்தான். முதல் வண்டிக்கு மஞ்சள், கடைசி வண்டிக்கு நீலம், ஓய்வுக்குப் பச்சை. ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓட்டுநர் ஒருவர் வேலை முடிந்து இறங்கினால், மறுபடி வண்டியில் ஏறுவதற்குள் பதினோரு மணி நேரம் ஓய்வு. மேனேஜரே கெஞ்சினாலும் பத்தே முக்கால் கிடையாது. அதனால் எனக்குப் 'பதினோரு மணி' என்றே பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொள்கிறார்கள், என் காதுக்கு வராது என்று நினைப்பு.

அப்பேர்ப்பட்ட நானே ஒரு தடவை கோட்டை விட்டேன்.

போன வருடம் வலது மார்பில் கட்டி. அறுவை செய்து எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து. நல்ல டாக்டர், நல்ல நர்ஸ்கள், பிழைத்துக்கொண்டேன். ஆனால் படுத்திருக்கும்போது எனக்கு உயிர்பயத்தைவிட வேலைபயம்தான் பெரிதாக இருந்தது. என் நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைத்துவிட்டால்? தங்கையின் குட்டி லேப்டாப்பை வாங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அந்த வாரத்து அட்டவணையைப் போட்டேன். அந்தத் திரையில் திங்கள் முதல் வியாழன் வரைதான் தெரியும். வெள்ளியைப் பார்க்க வேண்டுமென்றால் தள்ள வேண்டும், தள்ளினால் வியாழன் ஓடிப்போகும். அப்படி இழுத்து இழுத்துப் பார்த்ததில், ஒரு ஓட்டுநருக்கு வியாழன் கடைசி வண்டியும் வெள்ளி முதல் வண்டியும் போட்டுத் தொலைத்தேன். நடுவில் நாலரை மணி நேரம்.

மாட்டியவர் ஹாரன். இருபது வருடமாக ஓட்டுகிறார், அவர் ஹாரன் அடித்து ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். மனிதர் அன்றைக்கு அட்டவணையைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் வேறு ஓட்டுநரிடம் பேசி வெள்ளி வண்டியை மாற்றிக்கொண்டிருக்கிறார். மேனேஜர் ஏன் என்று கேட்டதற்கு, "வயிறு சரியில்ல சார், நான்தான் மாத்திக்கிட்டேன்" என்றாராம். என் தவறு மேலே யார் காதுக்கும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, வண்டி நேரம் குறிக்கிற டைம் கீப்பர் சொல்லித்தான் எனக்கே தெரியும். போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். எனக்குத் திட்டச் சொன்னால் அருவி மாதிரி வரும், நன்றி சொல்லப் போனால் தொண்டையில் முள் குத்தும். "ஏன் தம்பி அப்பவே என்கிட்ட சொல்லல?" என்று அதற்கும் அவரையே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். அவர், "சரிக்கா" என்றார்.

ஆக, எனக்கு வேண்டியது பெரிய திரை. ஏழு நாளும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கைதான் இருந்தது. நெறிக்கட்டியை எடுத்த கை, பாரம் தூக்கினால் வீங்குகிறது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், ரெண்டு கிலோவுக்கு மேல் கூடாது என்று. முதுகில் மாட்டலாம் என்றால் பட்டை தழும்பில் அழுத்துகிறது. இடது கையில் பையைப் பிடித்தால், ஓடுகிற பேருந்தில் கம்பியை வலது கை பிடிக்க வேண்டும். சக்கரம் வைத்த பை என்றாலும் பேருந்துப் படியில் தூக்கித்தானே ஏற்ற வேண்டும். நானோ திங்கள், செவ்வாய் மேட்டு டிப்போ, புதன், வியாழன் ஏரிக்கரை டிப்போ, வெள்ளி பாலத்தடி டிப்போ என்று சுற்றுகிறவள். நேரில் போய் முகத்தைப் பார்த்தால்தான் யார் வீட்டில் கல்யாணம், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரியும். சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அட்டவணையை முடிப்பேன். டிப்போவுக்கு ஒரு பெரிய திரை வாங்கித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். கை விஷயத்தை அங்கே நான் மூச்சு விடவில்லை. இவளால் முடியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

என் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அளவு போடுகிறவர். நான் ஞாயிறு முழுக்கப் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். திங்கள் காலை பார்த்தால் மேசைமேல் இரண்டு அட்டை லேப்டாப்கள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அளவு மில்லிமீட்டர் பிசகவில்லை. உள்ளே அரைக்கிலோ உப்புப் பாக்கெட்டுகளை அடுக்கி, சின்னதை ஒன்றரைக் கிலோ, பெரியதை மூன்றரைக் கிலோ என்று எடை போட்டு டேப் ஒட்டியிருந்தார்.

"என்னங்க இது, பொம்மை விளையாட்டா?"

"வாயால சொன்னா நீ என்னைக்குக் கேட்டிருக்க? ரெண்டு நாள் இதைத் தூக்கு, ரெண்டு நாள் அதைத் தூக்கு. அப்புறம் டிக் போடு."

கோபம்தான் வந்தது. ஆனால் மூலைகளைக்கூட, என் கையில் குத்தக் கூடாது என்று வளைத்து மடித்திருந்தார். அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு பையில் வைத்தேன்.

திங்களும் செவ்வாயும் சின்னது. பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற அளவுக்கு லேசு. புதன்கிழமை பெரியது. மாலையில் வீடு திரும்பும்போது வளையல் இறுக்கியது. வியாழன் காலை ஹாரனின் வண்டியில் ஏறினேன், உட்கார இடமில்லை. முதல் வளைவில் நான் தடுமாற, பை சாய்ந்து, அட்டை பிரிந்து, ஏழு உப்புப் பாக்கெட்டுகளும் சறுக்கிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் விழுந்தன. வண்டியில் ஒரே சிரிப்பு.

"என்னக்கா, கம்ப்யூட்டரைப் பிடுங்கிட்டு மளிகை குடுத்துட்டாங்களா?" என்றார் ஹாரன், கண்ணாடியில் பார்த்து.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு தம்பி!"

டிப்போவில் எல்லாரும் இறங்கிய பிறகு நான் குனிந்து பாக்கெட்டுகளைப் பொறுக்கினேன். ஹாரன் வந்து பக்கத்தில் நின்றார். சட்டைக் கை இறுகிப் போயிருந்த என் கையைப் பார்த்தார்.

"கை ஏன்க்கா இப்படி வீங்கியிருக்கு?"

"உனக்கெதுக்கு?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என்ன தோன்றியதோ, படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். கை, கிலோ, படிவம், எல்லாம். "சின்னதுதான் எடுக்கணும் தம்பி, வேற வழியில்ல. ஆனா பயமா இருக்கு. போன தடவை நீ பார்த்துக்கிட்ட. மறுபடி நான் கோட்டை விட்டு, யாராவது தூக்கக் கலக்கத்துல ஓட்டி, வண்டி நிறைய ஆளோட..."

அவர் ஏழு பாக்கெட்டையும் என் பையில் அடுக்கினார், பையைத் தான் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் அலுவலறைக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை, பாலத்தடி டிப்போவில், சின்னதற்கு டிக் போட்டேன். படிவம் டைம் கீப்பர் வழியாகத்தான் போக வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை படித்துவிட்டு, "சரிம்மா" என்று கோப்பில் வைத்தார். எனக்கு ஏதோ தோற்றுப்போன மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் மட்டும், "நல்ல முடிவு" என்று முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, பாலத்தடி டிப்போவில் என் மேசைமேல் பெட்டி இருந்தது. பிரித்தால் பதினேழு அங்குலம். எனக்கு வந்ததே கோபம்! நேரே டைம் கீப்பர் அறைக்குப் போனேன்.

"சார், யாரைக் கேட்டு மாத்தினீங்க? நான் டிக் போட்டது சின்னதுக்கு!"

"வேண்டாம்னா ஏழு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். ஆபீஸ்ல எழுதியே வாங்கி வெச்சிருக்கேன்" என்றார் அவர், நிதானமாக. "முதல்ல திறந்து அடுத்த வார அட்டவணையைப் பாருங்கம்மா. நீங்க போட்ட வரைக்கும் அதுல ஏத்தியிருக்கேன். பார்த்துட்டு வந்து என்னைத் திட்டுங்க."

திறந்தேன். சொல்லக் கூடாது, முதலில் கண்தான் குளிர்ந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை, நாற்பத்திரண்டு பெயரும், மஞ்சளும் நீலமும் பச்சையுமாக ஒரே பார்வையில் விரிந்து கிடந்தது. எதையும் இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம். அப்புறம் அடியில் பார்த்தேன். நாற்பத்துமூன்றாவதாக ஒரு வரிசை. நான் போடாத வரிசை.

பெயர் என்ற இடத்தில், 'பெரிய ஆள்', அதாவது இந்தப் பதினேழு அங்குலம். திங்கள் காலை, வீட்டிலிருந்து மேட்டு டிப்போ, பதினாலாம் நம்பர் வண்டி, ஹாரன். புதன் காலை, மேட்டு டிப்போவிலிருந்து ஏரிக்கரை, மீசை. வெள்ளி காலை, ஏரிக்கரையிலிருந்து பாலத்தடி, பாட்டுக்காரர். வெள்ளி மாலை, பாலத்தடியிலிருந்து வீடு, ஹாரன். மீசையும் பாட்டுக்காரரும்கூட என் ஓட்டுநர்கள்தான். மற்ற நேரமெல்லாம் பச்சை, 'டிப்போ பீரோவில் ஓய்வு' என்று. கடைசிக் கட்டத்தில், நான் வழக்கமாகத் 'தாமதம் கூடாது' என்று எச்சரிக்கை எழுதுகிற இடத்தில், யாரோ எழுதியிருந்தார்கள்: 'பெரிய ஆளுக்கும் பதினோரு மணி நேரம் ஓய்வு உண்டு. அக்கா கையால் தூக்கக் கூடாது.'

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் இவர்களை நான் விரட்டியதும் அதட்டியதும்தான் நினைவுக்கு வந்தன. அந்தப் பதினோரு மணி நேரத்தை எல்லாம் யாரோ இப்படிச் சேர்த்துவைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், வரிசையைச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

"சார்!" என்று கத்தினேன். டைம் கீப்பர் எழுந்தே நின்றுவிட்டார். "ஹாரனுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு! மேலே பச்சை, கீழே ட்யூட்டி! யார் போட்டது இதை?"

"அவரேதான்மா போட்டுக்கிட்டார். வீடு பக்கம்தானாம், வந்து குடுத்துட்டுப் போறேன்னார்."

"பக்கமா இருந்தா? விடுப்புன்னா விடுப்பு!"

ஒரு ஓரத்தில் இருந்த பச்சையும் எங்கோ அடியில் இருந்த பெயரும் ஒன்றாகக் கண்ணில் பட்டது இந்தத் திரையில்தான். தங்கையின் லேப்டாப்பாக இருந்திருந்தால் மறுபடியும் அதே மனிதரின் ஓய்வையே பறித்திருப்பேன். ஹாரன் பெயரை அழித்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல உங்களுக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல. ஏன், ஹாரன்தான் கொண்டாந்து தர்றதா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"ஓகோ! நீங்களும் கூட்டுக் களவாணியா?"

குரலை இறக்கி, "நீ டிக் போட்ட அன்னைக்கே, நீ வர்றதுக்குள்ள, உன் ஆளுங்க நாலு பேர் வீட்டுக்கே வந்துட்டாங்கம்மா. மாத்தலாமா வேண்டாமான்னு என்னைக் கேட்டாங்க. நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றார்.

வெள்ளி மாலைக் கட்டத்தில் 'வீட்டுக்காரர்' என்று அடித்தேன், இன்றைக்கும் சேர்த்து வரச் சொன்னேன். பெரிய ஆளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அட்டவணை ஒட்டுவதற்கு முன்னால் கடைசிக் கட்டத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. நேரில் என் வாயிலிருந்து வராது என்று எனக்கே தெரியும். எழுதினேன்: 'ஹாரனுக்கு, போன வருட வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து, நன்றி. எல்லாருக்கும் நன்றி. தாமதம் கூடாது.' மூன்று டிப்போ பலகையிலும் நாற்பத்திரண்டு பேரும் படிக்கிற மாதிரி ஒட்டச் சொன்னேன்.

திங்கள் காலை, வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பதினாலாம் நம்பர் வண்டி வந்து நின்றது. பாம் பாம் என்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, ஹாரன் இருக்கையிலிருந்தே கையை நீட்டி வாங்கி, தன் காலடியில் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்துபோய் வண்டியில் ஏறினேன்.