படங்குத் தட்டிகள்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு "ம்" என்ற பதிலிலிருந்து. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் "ம்" என்றவள்தான் இதை எழுதுகிறாள். கதைக்குள் தனக்குக் கேசினி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்குக் கிளாக்கர் வேலைக்கு வந்தவர். மகள் பௌதிகம் படித்துவிட்டு, 2003இல் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தாள்.

முதலில் எழுதிய தொடக்கம்:

நமுனுகுல மலையிலிருந்து மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், லயத்து வாசலில்—

(நிறுத்தியாயிற்று. தோட்டத்துக் கதையென்றால் பனி இறங்கியே ஆக வேண்டுமா? அன்று நல்ல வெயில்.)

2

வெயிலில் படங்குகள் காய்ந்துகொண்டிருந்தன. கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலை கிழியாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சாக்குத் துணி. நைந்துபோன முப்பதை ஜீவராணி வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருந்தாள். எதற்கென்று கேட்டவர்களிடம், சுவர் குளிரடிக்கிறது என்றாள்.

ஜீவராணி பிள்ளைக் காம்பராவில், மலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். தானே கட்டிய பாட்டொன்றை, குழந்தைகள் போனபின் அந்த மண்டபத்திலேயே கெசட்டில் பதிந்து வானொலியின் புதுப் பாடகர் நிகழ்ச்சிக்கு அனுப்பியிருந்தாள். கெசட் திரும்பி வந்தது. "குரல் நன்று. அறை எதிரொலிக்கிறது. மாத முடிவுக்குள் திருத்தி அனுப்பவும்."

அண்ணன் ரமேஸிடம் பதுளையில் உள்ள ஸ்டூடியோவைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"கதவடைச்ச ரூமுக்குள்ள போயி பாடுவியா? அப்பறம் நான் பஸ்ஸுல நாலு பேரு முன்னால தலய எங்க வச்சுக்கிறது?"

எதிரொலியை அடக்கச் சுவரில் படங்குத் தட்டிகள் மாட்டலாம் என்றால், பிள்ளைக் காம்பராவில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் லயம் வெறிச்சோடும் வேலைநாட்களில் அவளுக்கும் வேலை. மிஞ்சியது சொந்த வீடும் ஞாயிற்றுக்கிழமையும். யாருக்கும் தெரியாமல் பாட வேண்டும். வானொலியில் வந்தபின் தெரிந்தால் போதும்.

(ரமேஸை வில்லனாக்குவது சுலபம். கேசினி இரண்டு பக்கம் அப்படித்தான் எழுதினாள். பிறகு கிழித்தாள். பழைய கட்டிலை அறுத்துத் தட்டிகளுக்குச் சட்டம் செய்து கொடுத்தவன் அவன்தான். குளிருக்கு என்று நம்பினான்.)

3

"சுவத்துல முட்ட அட்ட ஒட்டுனா போதும்னு கெசட் கடயில சொன்னாங்களே டீச்சர்," என்றாள் ஜீவராணி, யோசனை கேட்கப் போன கேசினியிடம்.

"அதில தடிப்புக் காணாது. படங்கை நாலு அங்குலத்துக்கு அடுக்குங்கோ. சுவரோட ஒட்டாமல் ரெண்டு அங்குலம் தள்ளித் தூக்கவேணும்."*

ஏழு தட்டிகள். மாட்டி முடித்ததும் ஜீவராணி கைதட்டிப் பார்த்தாள். கணீரென்று பதில் கொடுத்துக்கொண்டிருந்த அறை வாயை மூடிக்கொண்டது.

"இனிமே நான் பாடுனா பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்காதுல்ல டீச்சர்?"

இந்த இடத்தில்தான் கேசினி வாய் திறந்திருக்க வேண்டும். தட்டி எதிரொலியைக் குறைக்கும்; சத்தத்தைத் தடுக்காது. அதிலும் அந்த லயத்தில் நடுச்சுவர்கள் கூரைவரை போகவில்லை. பத்து வீட்டுக்கும் ஒரே தகரம், அதன் கீழே ஒரே காற்று. ஜீவராணியின் முகத்தைப் பார்த்தாள்.

"ம்."

* நார்களுக்குள் புகும் ஒலி உராய்ந்து வெப்பமாகிறது. அந்த வெப்பம் மிகச் சொற்பம். குளிருக்கு உதவாது.

4

ஞாயிற்றுக்கிழமை பாடிப் பதிந்து, போட்டுக் கேட்டார்கள். இரண்டாம் சரணத்தின் நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியாயியின் குரல், எதிரொலி துளியும் இல்லாமல், வெகு சுத்தமாக விழுந்திருந்தது:

"அடியே ராணி, அந்த எடத்துல இன்னுங் கொஞ்சம் இழுத்துப் பாடேன்."

அதற்கப்பால் யாரோ சிரித்தார்கள்.

ஜீவராணி கெசட்டை நிறுத்தினாள். "இப்படி ஆகும்னு ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்கள் சந்தோசமா நிண்டனீங்கள்."

"என் சந்தோசத்த நான் பாத்துக்குவேன். நீங்க உள்ளதச் சொல்லுங்க. இப்ப என்ன வழி?"

"பத்து வீடும் நாலு நிமிசம் பேசாமல் இருக்கவேணும்."

முடியாத காரியம் என்ற பொருளில்தான் கேசினி அதைச் சொன்னாள்.

5

ஜீவராணி நேரே தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். லயம் முழுக்க அங்கே வாளியோடு நின்றது.

"வார ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நான் ரேடியோவுக்குப் பாட்டுப் பதியப் போறேன். நாலு நிமிசம் யாரும் சத்தம் போடாதீங்க."

"இருமல் வந்தா?" என்றார் மாடசாமி.

"முழுங்கிக்குங்க மாமா."

வரிசையில் நின்ற ரமேஸ் பல்லைக் கடித்தான். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"வீட்ல பேசுனாலும் இவங்களுக்குக் கேக்கும். இங்கயே பேசுண்ணே."

"குளிருக்குன்னு சொன்னியே."

"பொய்தான் சொன்னேன். இனிமே சொல்லல. பாடத்தான் போறேன்."

ரமேஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அதில் பாதிதான் தண்ணீர் இருந்தது.

6

மூன்று முடிவுகள் எழுதப்பட்டன.

(அ) பத்து மணிக்கு ரமேஸ் ரேடியோவை உச்சத்தில் வைக்கிறான்.

(ஆ) ரமேஸ் மனம் மாறி வாசலில் காவல் நிற்கிறான். லயம் மூச்சடக்குகிறது. வாசகர் கண்ணைத் துடைக்கிறார்.

(இ) சரியாகப் பத்து மணிக்கு மழை. தகரத்தின் மேல் அது—

கேசினி மூன்றையும் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோனாள். இடுப்பில் ஒரு குழந்தையோடு ஜீவராணி படித்தாள்.

"மூணுலயும் நான் ஒண்ணுமே செய்யலயே டீச்சர். அண்ணன் செய்யிது, மழ செய்யிது. நான் எங்க?"

"அப்ப என்னெண்டு எழுத?"

"பாடுனேன்னு எழுதுங்க."

பாடினாள். அந்த ஞாயிறு, பத்து மணிக்கு. பெரியாயி கேட்ட இடத்தில் இழுக்கவில்லை. அங்கே இழுக்கக் கூடாது என்பது அவள் முடிவு.

கெசட் போனது. மாதம் கழித்து வானொலியிலிருந்து கடிதம் வந்தது. கேசினி அதைப் படித்திருக்கிறாள்.

"அத மட்டும் எழுதாதீங்க," என்றாள் ஜீவராணி. "எடுக்கலன்னா பாவம்னுவாங்க. எடுத்தா அதிஷ்டம்னுவாங்க. ரெண்டும் எனக்கு வேணாம்."

ஆகவே அந்தக் கடிதம் இந்தக் கதையில் இல்லை. இன்னொரு பக்கம் புரட்டினாலும் வராது. முடிவில்லாமல் முடியாது என்கிறவர்கள் தாங்களே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். எழுதுகிறவளுக்கு ஆட்சேபனை இல்லை. ஒரே நிபந்தனை: அதில் ஜீவராணி ஏதாவது செய்ய வேண்டும்.