அண்ணனுக்குள் ஓடும் என் ரத்தம்

என் அண்ணன் தலைமையாசிரியர். தப்பு செய்கிறவர்கள் எல்லாரும் தன் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். அதில் முதல் ஆள் நான். "அவன் உனக்குப் பொருத்தமில்லை" என்று என் கல்யாணத்துக்கே வராத மகராசன். அதோடு பேச்சு நின்றது. பிறகு அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, புது ரத்தத்தை ஊறவைக்கும் ஸ்டெம் செல் கொடுக்க ஆள் தேடியபோது, சொந்தத்திலேயே அச்சு அசலாகப் பொருந்தியது யாருக்கு? சாட்சாத் எனக்குத்தான்!

கொடுத்தேன். இப்போது அவருக்குள் ஓடுவது என் ரத்தம். அது அவரை வேற்றாள் என்று நினைத்துத் தாக்காமல் அடக்கிவைக்க ஒரு மாத்திரை. மருந்து குறைந்தால் என் செல்கள் அவர் தோலையும் குடலையும் பதம் பார்க்கும். கூடினால் சிறுநீரகம் கெடும். அதனால்தான் ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்ப்பார்கள். அந்த நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும்; முன்பே போட்டால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இவ்வளவுதான் விதி.

அப்படி ஒரு பரிசோதனை நாளில் அண்ணிக்குக் காய்ச்சல், துணைக்கு நான் போனேன். அண்ணன் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே வந்தார். நன்றாகச் சிவந்திருந்தது.

"என்னண்ணே இது?"

"சோப்பு ஒத்துக்கல."

பாவம், சோப்பு!

ஆய்வகத்துக்கு வெளியே காத்திருந்தோம். ஐயா சுவர்ப்பக்கம் திரும்பி, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து டபக்கென்று வாயில் போட்டார். நான் அவர் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள்.

"மாத்திரை போடலையே சார்?" என்றார் நர்ஸ்.

"சேச்சே, போடல சிஸ்டர்."

"புளுகு! போட்டாரு சிஸ்டர். என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

டாக்டரம்மாவிடம் போனது விஷயம். அவர் பழைய முடிவுகளைப் புரட்டிவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா சார்? அளவு எக்கச்சக்கமா காட்டுதேன்னு நானும் டோஸைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். உண்மையில உங்களுக்கு மருந்தே பத்தல. கையில இருக்கிறது சோப்பு இல்ல, உங்க தங்கச்சியோட செல்லு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

புது மருந்து எழுதிக்கொடுத்து, காலை மாத்திரை போடாமல் மறுநாள் ரத்தம் கொடுக்க வரச் சொன்னார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்ற ஆளு! உனக்கு என்னண்ணே கேடு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பயம்மா. உன் கோபம் எனக்குத் தெரியும். மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போனாலும் உன் ரத்தம் என்னைச் சும்மா விடாதுன்னு நெனச்சேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் என்னிடமிருந்து தப்பிக்கவா மாத்திரை முழுங்கிக்கொண்டிருந்தார்?

"அந்த ரத்தத்துக்கு நீ யாருன்னே தெரியாதுண்ணே. எனக்குத் தெரியும். கோபம் மலையாட்டம் இருக்கு. அதைக் கொட்டித் தீர்க்க நீ எனக்கு உயிரோட வேணும்."

மறுநாள் காலை மாத்திரையை என் கையில் கொடுத்துவிட்டு, ரத்தம் கொடுக்க உள்ளே போனார்.