அத்தான் கேட்ட ரிப்பேர்

பதினெட்டு வருஷமாகச் சின்னவளின் வாசலை மிதிக்காத அத்தான், ஒரு மத்தியானம் பழைய கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவளுடைய ரிப்பேர் கடைக்குள் வந்தார். பின்னாலேயே அக்கா வந்து பிளாப்பி டிஸ்க் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். தங்கச்சி முகத்தைப் பார்க்காமல், காரை ஓரமாக நிறுத்துகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

டப்பாவைப் பார்த்ததும் சின்னவளுக்கு வயிறு எரிந்தது. பின்னே எரியாதா? நாலு வருஷம் அத்தான் வீட்டில் இதே மிஷினில் உட்கார்ந்து ஓர் அகராதியையே தொகுத்துக் கொடுத்தவள் அவள். கொடுத்த மறுநாளே, "எல்லாம் வெறும் பிளாப்பி, உள்ள ஒண்ணுமே இல்ல. நாலு வருஷமா நம்மள ஏமாத்தியிருக்கா" என்று வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் நாக்கூசாமல் சொன்னார் இந்த மனுஷன். அக்கா ஒன்றை எடுத்துப்போய்த் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். நிஜமாகவே ஒன்றும் வரவில்லை. மிஷின் அத்தான் வசம் இருந்ததால் சின்னவளால் அதில் போட்டுக் காட்டவும் முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஆறே மாதத்தில் அகராதி அத்தான் பேரில் வெளிவந்தது. முதலிலிருந்து தானே எழுதினாராம்!

"புதுப் பதிப்பு போடணும், வேற காப்பி கிடையாது. இந்த மிஷின் எழுதுற பிளாப்பி எதையும் புது கம்ப்யூட்டர் படிக்க மாட்டேங்குது. வேற கடையில யாரும் இதத் தொட மாட்டேங்குறாங்க. சரி பண்ணு," என்றார் அத்தான்.

சின்னவள் தன்னுடைய பிளாப்பி ஒன்றைக் கடையிலிருந்த புது மிஷினில் போட்டாள். திறந்தது. அவருடையது திறக்கவில்லை. அதையே பழசில் போட்டதும் அவள் தொகுத்த சொற்கள் வரிசையாக வந்து நின்றன. மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பிளாப்பியில் எழுதவும் படிக்கவும் செய்கிற ஹெட், பழசில் ஒரு மயிரிழை தடம் விலகியிருந்தது. விலகியபடியே எழுதும், விலகியபடியே படிக்கும். அது எழுதியதை அது மட்டும்தான் படிக்கும். அக்கா ஆபீஸில் ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அத்தானுக்கு மட்டும் இந்த மிஷினில் அன்றைக்கே எல்லாம் திறந்திருக்கிறது; அதை வைத்தே அகராதியைப் போட்டிருக்கிறார். படுபாவி!

"அத்தான், கேபிள் போட்டு எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தித் தர்றேன். நான் அடிச்சது இதுல இருந்துச்சுன்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பழங்கதையெல்லாம் எதுக்கு? உன் கேபிளும் வேணாம், ஒண்ணும் வேணாம். மிஷினைச் சரி பண்ணு. சொன்ன வேலையச் செய்."

"பண்ணிட்டாப் போச்சு," என்றாள்.

திருகுகளைத் தளர்த்தி, ஹெட்டை மயிரிழை பிசகாமல் தடத்தில் நிறுத்தி முடுக்கினாள். போவது தன்னுடைய நாலு வருஷம் என்று தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. பழசில் ஒரு பிளாப்பி எழுதிப் புதுசில் போட்டுக் காட்டினாள். பளிச்சென்று திறந்தது. அத்தான் முகமெல்லாம் பல். அக்காவும் உள்ளே வந்து கதவருகே நின்றாள்.

அத்தான் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பழசில் போட்டார். கர்கர் என்று சத்தம்தான் வந்தது. இன்னொன்று போட்டார், இன்னொன்று. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

"நீங்க சொன்னதத்தான். இப்ப மிஷின் சரியாயிடுச்சு. பழைய தடத்துல எழுதினத இனிமே எந்த மிஷினும் படிக்காது. வெறும் பிளாப்பிதானே அத்தான், போனா என்ன?"

"அடிப்பாவி! நீ அடிச்ச அத்தனையும் இதுலதானேடி இருந்துச்சு!"

அக்கா கையிலிருந்த கார் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.