பரிதா கிண்டிய பனி

அந்த வருஷம் ஆடிக் கடைசியில் ஏற்காட்டின் மேல் இறங்கிய மூடுபனி, தை பிறந்த பிறகும் எழுந்து போகவில்லை. முதலில் சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் பிடித்தார்கள். பிறகு படத்தில் வெள்ளையைத் தவிர எதுவும் விழவில்லை என்று சலித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். புரட்டாசிக்குள் பனி கெட்டிப்பட்டுவிட்டது. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் கை இருக்கிறதா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விடவேண்டியதாயிற்று. காப்பிக்கொட்டை களத்திலேயே முளைவிட்டது. துவைத்த துணி காயாததால் மக்கள் ஈரத்தோடு உடுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு நைலான் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சத்தமும் நனைந்து கனத்துப்போனது. காலையில் கூப்பிட்டால் சாயங்காலம்தான் எதிர்வீட்டுக்குக் கேட்டது. மாதா கோயிலின் காலை மணி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தது. வாசனையை மட்டும் பனி தடுக்கவில்லை. சில மைல் தள்ளி மஞ்சக்குட்டைக் கிராமத்தில் யார் வீட்டில் கருவாடு வறுபடுகிறது என்பது ஊர் நடுவில் ஒண்டிக்கடை முக்கில் உடனுக்குடன் தெரிந்தது.

ஒண்டிக்கடையில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள் பரிதா. கடையின் பின்பக்கமே வீடு. சேலம் கிச்சிப்பாளையத்தில் பிறந்து, ஜீப் ஓட்டும் சிக்கந்தரைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். வந்த புதிதில் ஒரு ரிசார்ட்டின் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனாள். அங்கே ஒருநாள் கழுவ வந்த அகலச் சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தவள், குழாய் ஓடிக்கொண்டிருப்பதையே மறந்து நின்றுவிட்டாள். அது ரிசோட்டோ என்று பெயர்கொண்ட இத்தாலிச் சோறு. அதன் பிறகு அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே வெங்காயம் நறுக்கும் வேலைக்கு மாறினாள். கொரோனா காலத்தில் ரிசார்ட் மூடியபோது, வேலை போன வருத்தத்தைவிட இனிச் சொந்தமாகக் கிண்டலாம் என்ற சந்தோஷமே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அவள் கிண்டினாள். இத்தாலி அரிசிக்குப் பதில் இட்லிக்குப் போடும் குண்டரிசி, ஒயினுக்குப் பதில் மலை ஆரஞ்சின் புளிப்புச் சாறு, மற்றபடி எல்லாம் முறைப்படி. ஒண்டிக்கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா சோறு கொழஞ்சு போச்சுங்களே" என்றார்கள். சிக்கந்தர் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். "காய்ச்சக்காரனுக்கு ஊத்தற கஞ்சிய எதுக்குடி ஒரு மணி நேரம் நின்னு கிண்டற?" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பரிதாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றோடு அந்தச் சட்டியைப் பரணில் போட்டுவிட்டு, இட்லியும் பரோட்டாவும் போட ஆரம்பித்தாள். இப்படியே சில வருஷங்கள் போயின.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரோட்டோரக் கற்களை டயரால் தடவித் தடவி மஞ்சக்குட்டையிலிருந்து வந்து சேர்ந்த சிக்கந்தர், ஜீப்பைக் கடை வாசலில் நேராக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வீட்டுக்குள் வரவில்லை. ஜீப்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவு இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் அவர் தொலைந்துபோனார்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆட்கள் தேடினார்கள். தேடப் போனவர்களில் ஒருவர் கயிறு அவிழ்ந்து, தீபாவளி முடிந்துதான் வீடு திரும்பினார். சிக்கந்தரின் குரல் மட்டும் ஊருக்குள் நடமாடியது. "பரிதா! கதவு எங்கடி கெடக்குது?" என்று ஒருநாள் ஏரிப் பக்கமிருந்து கேட்கும், மறுநாள் மாதா கோயில் பக்கமிருந்து. "இங்கதானுங்க! இந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டே வாங்க!" என்று அவள் தட்டில் கரண்டியால் அடித்துக் கத்துவாள். அது அவருக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்து, அவர் வேறெங்கோ இருப்பார். வழியில் முட்டிக்கொண்ட வீடுகளில் ஜன்னல் வழியாக அவருக்கு டீயும் இட்லியும் கொடுத்தார்கள். உள்ளே வந்து இருங்கள் என்றால், "ஊடு இந்தாப் பக்கத்துலதானுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம்.

முதலில் பரிதாவுக்குக் கோபம்தான் வந்தது. வாசலில் நிற்கிற கதவு தெரியாத மனுஷன் என்ன மனுஷன் என்று பொரிந்தாள். மார்கழியில் அந்தக் குரல் மெலியத் தொடங்கியதும் கோபம் போய்ப் பயம் வந்தது. "பரிதா" என்பது "பரி" என்று தேய்ந்தது. கீழே சேலத்தில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த மகள் ஆஃப்ரின் போனில் அழுதாள்.

"அம்மா, இங்க வெயில் காயுது. கீழருந்து பாத்தா மல மேல யாரோ பஞ்சு மூட்டையப் பிரிச்சுக் கொட்டுனாப்பல இருக்குது. நீங்களாச்சும் எறங்கி வந்துருங்க."

"உங்கத்தா வாசல்லதான் நிக்கறாரு கண்ணு," என்றாள் பரிதா. "அவர உட்டுப்போட்டு எங்க வர்றது?"

தை பிறந்த சில நாளில் குரல் அடியோடு நின்றுபோனது. அதற்கு மறுநாள் காலை, மஞ்சக்குட்டையில் சோளம் போட்டிருந்த சாந்தாமேரி, ரோட்டோரக் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே தலையில் ஒரு மூட்டையோடு கடைக்கு வந்து சேர்ந்தாள். மூட்டையை இறக்கி ஒரு கதிரை உரித்து, மணியில் நகத்தால் கீறினாள். பால் பீய்ச்சி எதிர்ச் சுவரில் அடித்தது.

"பாரு பரிதா. கார்த்திகையிலயே முத்தியிருக்கோணும். வெயிலே படாததுல இன்னும் பாலாவே நிக்குது. சேலத்து யாவாரி மூட்டைய எறக்கவே வேண்டாங்கறான். காட்டுல கெடந்து வீணாப் போறதுக்கு உனக்காச்சும் ஆவட்டும்னு கொண்டாந்தேன்."

பரிதா இன்னொரு மணியை வாயில் போட்டாள். ரிசார்ட்டுக்கு டப்பாவில் வந்த சோளம் எதுவும் இதன் பக்கத்தில்கூட நிற்காது. கதிரைக் கையில் வைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். வெளியே வெள்ளைச் சுவர் போலப் பனி நின்றது. வெளிச்சம் இதற்குள் போகாது. சத்தம் போனாலும் நேரங்கெட்டுப் போகும். வாசனை மட்டும்தான் நேராகப் போகும். தாளிப்பு வாசனை நொடியில் அடங்கிவிடும். பிரியாணி மூடிக்குள் வேகும். திறந்த சட்டியில், விடாமல் கிண்டக் கிண்ட, அறுபடாமல் வாசனை போய்க்கொண்டே இருக்கிற பண்டம் அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்.

"மேரியக்கா, உக்காருங்க. சோளத்த உதுக்கோணும்."

"என்ன பண்ணப் போற?"

"ரிசோட்டோ."

"அந்தக் கொழஞ்ச சோறா?"

"அதேதானுங்க," என்று பரிதா பரணில் ஏறினாள்.

மணியை உதிர்த்த வெறும் தக்கைகளை மிளகோடும் வெங்காயத் தோலோடும் கொதிக்கவைத்துச் சாறு இறக்கினார்கள். மணியில் பாதியை அரைத்துப் பால் எடுத்தார்கள், பாதியை அப்படியே வைத்தார்கள். லாரிகள் ஏறாததால் வெண்ணெயும் சீஸும் மலையில் கண்ணால் பார்க்க இல்லை. நெய் டப்பாவின் அடியை வழித்து, அதில் வெங்காயத்தை வதக்கி, குண்டரிசியைக் கழுவாமல் கொட்டி, ஓரம் கண்ணாடி போல ஆகும்வரை வறுத்தாள். ஆரஞ்சுச் சாறு சுர்ரென்று இறங்கியது. பிறகு கொதிக்கும் தக்கைச் சாற்றை ஒரு கரண்டி ஊற்றுவதும், அரிசி அதைக் குடிக்கும்வரை கிண்டுவதும், மறுபடி ஊற்றுவதுமாக நின்றாள். வாசனை வெளியே போகட்டும் என்று கதவையும் ஜன்னலையும் சாந்தாமேரி விரியத் திறந்துவிட்டாள்.

வாசனை வெளியே போன வழியாகவே பனி உள்ளே வந்தது. தரையோடு ஊர்ந்து, அடுப்பு மேடை ஏறி, சட்டியின் விளிம்பில் வழிந்து உள்ளே இறங்கியது. பரிதா அதை ஆவி என்றே நினைத்தாள். சோளப்பாலை ஊற்றும் முன்பே சோறு வெண்ணெய் விட்டதுபோலப் பளபளத்து, கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கியபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்போது வாசலில் நின்ற சாந்தாமேரி, "ஐயோ ஏசப்பா, எதுத்தாப்பல மருந்துக்கடை போர்டு தெரியுது!" என்று கத்தினாள். போர்டுக்குப் பிறகு மின்கம்பம் தெரிந்தது. பிறகு ஜீப்பின் பானெட். பிறகு வாசற்படிக்கு நேரே, காற்றைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு கை தெரிந்தது. அந்த மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பரிதாதான் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிய கணத்தில் சட்டியிலிருந்து பனி புஸ்ஸென்று எழும்பி, அவளை முந்திக்கொண்டு போய் வாசலை அடைத்தது. கை மறைந்துவிட்டது. அவள் நீட்டிய விரல்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கை நின்றால் பனி திரும்பிவிடும் என்று பரிதாவுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து கரண்டியை எடுத்தாள். இந்தமுறை அந்தக் கை தெரிந்தபோதும், தோள் தெரிந்தபோதும், மார்புவரை தாடி வளர்ந்த முகம் தெரிந்தபோதும் அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, கரண்டியை ஒரே திசையில், ஒரே வேகத்தில் கிண்டிக்கொண்டே நின்றாள். சாந்தாமேரி சாற்றை ஊற்ற ஊற்றச் சட்டி பனியை இழுத்தது. சிக்கந்தர் படியைக் கண்டார், படியிலேறினார், கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் குரல் நூலாக வந்தது.

"என்ன வாசம் பரிதா இது?"

"காய்ச்சக்காரனுக்கு ஊத்தற கஞ்சிங்க," என்றாள் அவள், கையை நிறுத்தாமல்.

சிக்கந்தர் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டார். ஊறுகாய் கேட்கவில்லை. மூன்றாவது தட்டு முடிந்தபோது அவர் குரல் பழைய கனத்துக்கு வந்துவிட்டது. "இத்தன வருசம் என்னத்தத் தின்னு தொலச்சனோ," என்றார். பிறகு எழுந்து, "குடு, கை வலிக்கும்" என்று கரண்டியை வாங்கினார். அவர் கிண்டியபோது பனி சட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரிதா மறுபடி வாங்கிக்கொண்டாள்.

ஒரு சட்டி பனியால் ஒண்டிக்கடைச் சந்து மட்டும் தெளிந்திருந்தது. மீதி மலை பாக்கியிருந்தது. செய்தி கயிறு கயிறாகப் போனது. பள்ளிவாசலிலிருந்து கல்யாணத்துக்குப் பிரியாணி போடும் பெரிய தேக்சா உருண்டு வந்தது. மாதா கோயில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சோளம் உதிர்த்தார்கள். முன்பு குழைந்த சோறு என்று சொன்னவர்களே வீட்டில் இருந்த குண்டரிசியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வெயில் பட்டு முற்றிவிடக்கூடாது என்று, பனி விலகும் முன்பே மஞ்சக்குட்டைக் காட்டுக் கதிர்களை மொத்தமாக ஒடித்தார்கள். நடுரோட்டில் விறகடுப்பு மூட்டி, பரிதா ஸ்டூல் மேல் ஏறி நின்று துடுப்புப் போன்ற அகப்பையால் கிண்டினாள். பனி எஸ்டேட்டுகளிலிருந்தும் ஏரியிலிருந்தும் சில்வர் ஓக் மரங்களின் உச்சியிலிருந்தும் புறப்பட்டு, வரிசை தப்பாமல் தேக்சாவுக்குள் இறங்கியது.

கிண்டியதைத் தின்றும் ஆகவேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்தது. தீபாவளியிலிருந்து காணாமல்போயிருந்த சேலம் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் என்ஜின் ஓடியபடியே அகப்பட்டது. அதன் கண்டக்டர் மாதேஸ்வரன் பசியில் பாதித் தட்டு தின்றுவிட்டுப் போதும் என்று வைத்தார். மீதிச் சோறு தட்டிலிருந்து பனியாக எழும்பி அவர் தலையைச் சுற்றிக்கொண்டது. தலை தெரியாமலேயே அவர் தடவித் தடவி மிச்சத்தையும் தின்று முடித்தார். அதற்கப்புறம் யாரும் தட்டில் ஒரு பருக்கை விடவில்லை. மலை முழுக்க உட்கார்ந்து தின்றது. பஸ்ஸில் வந்தவர்கள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கள், மசூதிப் பெரியவர்கள், கோயில் பாதிரியார், பத்திய ஆட்கள் உட்பட எல்லோரும் தின்றார்கள். வழித்து நக்கி, "இன்னொரு கரண்டி போடுங்க பரிதாம்மா" என்று தட்டை நீட்டினார்கள். அவளை அம்மா போட்டு அவர்கள் கூப்பிட்டது அன்றுதான். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள், கை இன்னும் வேகமாகச் சுற்றியது.

கடைசிக் கரண்டி இறங்கியபோது சேர்வராயன் மலையின் மொட்டை உச்சி துலக்கமாகத் தெரிந்தது. வெயில் ஒரே நேரத்தில் எல்லாக் கூரைகளிலும் அடித்தது. ஆறு மாதமாக வந்து சேராமல் நின்ற சத்தங்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன: மணிகள், ஹாரன்கள், பாங்கு, "கதவு எங்கடி கெடக்குது" என்று சிக்கந்தர் கேட்டிருந்த அத்தனையும். ஊரே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிக்கந்தர் வெட்கப்பட்டுக்கொண்டு சவரம் செய்யப் போனார். மறுநாள் ஆஃப்ரின் முதல் பஸ்ஸில் ஏறி வந்து, அப்பாவைப் பார்க்கும் முன் ஒரு தட்டு சாப்பிட்டாள்.

அதிலிருந்து பனி ஒரு வாரத்துக்குமேல் தங்கினால் பரிதாவுக்கு ஆள் அனுப்புவது மலையில் வழக்கமாகிவிட்டது. சிக்கந்தர் ஜீப்பை எடுப்பார். பரிதா முன் சீட்டில் சட்டியோடு ஏறுவாள். சாந்தாமேரி பின்னால் கதிர் மூட்டையோடு உட்காருவாள். போன கார்த்திகையில் கிளியூருக்குப் போனார்கள். அங்குள்ள பனியில் இயல்பாகவே உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதால், கிளியூரில் கிண்டும்போது மட்டும் பரிதா உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்வாள்.