முன்னூற்று எழுபத்து மூன்றாவது மேகம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் மேல் ஆணை. அம்பாள் சாட்சி போதாது என்பவர்களுக்காக நார்த்தாமலை உச்சியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார்.

புதுக்கோட்டை வானோக்கர் மன்றத்தில் தேனப்பன் சேர்ந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. மாதம் ஒரு கூட்டம், மொத்தம் முன்னூற்று எழுபத்திரண்டு. அத்தனையிலும் வானம் மூடிக்கொண்டது. பகலெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் வானம், டெம்போவிலிருந்து தொலைநோக்கியை இறக்கியதும் முக்காடு போட்டுக்கொள்ளும். ஒருமுறை கத்திரி வெயில் காலத்தில் நார்த்தாமலைக்குப் போனார்கள். பாறையில் இறங்கிய வெள்ளம் தேனப்பனின் இடதுகால் செருப்பைக் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டது. கண்டக்டர் ஒருவர் மறுநாள் அதை டிக்கெட் போடாமல் திருப்பி அனுப்பினார். சித்தன்னவாசலில் லென்ஸுக்குள் ஒரு கெண்டைக்குஞ்சு நீந்தியது. வந்திருந்தவர்கள் அதை வியாழன் கிரகம் என்று வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

தொலைநோக்கியைச் செய்தவர் மன்றச் செயலாளர் அன்வர் பாட்சா. கீழராஜ வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆறு அங்குல ஆடியை மூன்று மாதம் தேய்த்து, போர்வெல்லுக்கு இறக்கும் நீலக் குழாயில் பொருத்தினார். தண்ணீர் தேடிப் பூமிக்குள் போயிருக்க வேண்டிய குழாய் அது. வானத்தைப் பார்த்து நிறுத்திய பிறகும் அந்தப் புத்தி அதை விட்டுப் போகவில்லை. செய்தி பரவி, ஊர் ஊராக அழைப்பு வந்தது. யாரும் நட்சத்திரம் கேட்கவில்லை. குழாயைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும் என்றார்கள்.

தேனப்பனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சனிக்கு ஒரு வளையம் உண்டாமே, அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மன்றத்தில் சேர்ந்ததே அதற்காகத்தான். இடது கண் போன வருடமே அவிந்துவிட்டது. வலது கண்ணை ஐப்பசி பிறந்ததும் பாட்சா தன் கடையில் உட்கார வைத்துச் சோதித்தார்.

"அண்ணே, மேல உள்ள பெரிய எழுத்து தெரியுதா?"

"சுவரு தெரியுது."

பாட்சா விளக்கை அணைத்தார். "மதுரை டாக்டர் சொன்னதுதாண்ணே. இந்த மாசம் தாண்டாது."

"சனி தெரியுமா?"

"இப்பவே பாத்தா உண்டு."

அந்த நேரம் பார்த்து வெற்றிலைத் தாம்பாளத்தோடு ஆவுடையாள் கடைக்குள் வந்தார். திருவரங்குளத்துக்கு அங்கிட்டு இருக்கும் கருவேலம்பட்டியின் ஊராட்சித் தலைவர்.

"வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒங்களுக்குப் பாராட்டு விழாங்கய்யா. முப்பத்தொரு வருசமா மன்றத்துல இருக்கீங்க. அந்தப் புண்ணியத்துல எங்க கண்மாய் நாலு தடவ நெறஞ்சிருக்கு. இந்தத் தடவ கடலச் செடியெல்லாம் கருகி நிக்குது. குழாயோட வந்துருங்க."

"நான் சனியப் பார்க்கணும் ஆத்தா."

"சனி நம்மளப் பாத்துரக் கூடாதுன்னு ஊரே எள்ளு வெளக்கு ஏத்துது. நீங்க ஒருத்தருதான் அதத் தேடிப் போறீங்க. பாருங்க, வேணாங்கல. பாத்துட்டு மழையையும் விட்டுட்டுப் போங்க."

"ரெண்டும் ஒண்ணா நடக்காது ஆத்தா."

ஆவுடையாள் யோசிக்கவே இல்லை. "அப்ப மழை."

வெள்ளிக்கிழமை டெம்போவில் போகும்போது தேனப்பன் இதுவரை வேண்டாததை வேண்டினார். இன்று ஒரு பொழுது மழை வேண்டாம். சாலைக்கு இரண்டு பக்கமும் கடலைக் காடு காய்ந்து கிடந்தது. அதைப் பார்க்காமலிருக்க வலது கண்ணை மூடிக்கொண்டார். அதிகம் மூட வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் விழா. வாசலில் சந்தனம், பன்னீர்ச் செம்பு, கல்யாணத்துக்குக் குறைவில்லை. பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"நான் ஒரு நட்சத்திரத்தக்கூட ஒழுங்காப் பாத்ததில்லைங்க," என்றார் தேனப்பன். "பாத்துரலாம் பாத்துரலாம்னு இத்தன வருசம் கூட வந்து நின்னாங்க பாருங்க, அதச் சொல்லணும். தனியா நின்னிருந்தா மூணாவது மழையிலயே வீட்டுக்குப் போயிருப்பேன். மன்றத்துக்கு நன்றி."

மைக் செட்டுக்காரர் மட்டும் கைதட்டினார். மற்றவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருட்டியதும் பாட்சா குழாயைத் தென்கிழக்கே திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டார். "வாங்கண்ணே. நேரா இருக்கு."

தேனப்பன் குனிந்து கண்ணை வைத்தார். வெள்ளையாக இருந்தது. வடித்த கஞ்சி மாதிரி, ஓரம்கூட விடாத வெள்ளை. இடுப்பு வலிக்கும்வரை காத்திருந்தார். வெள்ளை விலகவில்லை.

"மேகம், பாட்சா."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பாட்சா குனிந்து பார்த்தார். அவர் மூச்சு ஒரு கணம் நின்று திரும்பியது தேனப்பனுக்குக் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

"ஆமாண்ணே. மேகந்தான். நல்லாக் கனத்த மேகம்."

"மழை வருமா?"

பாட்சா பதில் சொல்வதற்குள் பக்கத்தில் ஆவுடையாளின் வளையல் குலுங்கியது. தேனப்பனின் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. பிறகு நாலைந்து.

"தூறுதுங்கய்யா," என்றார் ஆவுடையாள். குரல் உடைந்திருந்தது. சந்தோசம் என்று தேனப்பன் எடுத்துக்கொண்டார்.

பொன்னாடை நனைந்தது. கைநீட்டித் தடவியபோது பாட்சாவின் கன்னமும் நனைந்திருந்தது. எங்கும் பன்னீர் வாசம். திருவரங்குளத்துப் பக்கத்து மழைக்கு அப்படி ஒரு வாசம் உண்டு. தேனப்பன் கூட்டம் இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டார்.

"எனக்கில்லாட்டியும் ஒங்களுக்குக் கெடச்சுதே. போதும்."

அந்த ஐப்பசி முழுவதும் கருவேலம்பட்டி மழைமானியில் ஒரு துளியும் பதிவாகவில்லை.