நாற்காலியின் பின்கால்

பழைய நாற்காலியைச் சரிசெய்யக் கற்றுத்தரும் வீடியோவின் இரண்டாம் பாகத்தை நான் முதலிலேயே பார்த்துத் தொலைத்திருக்க வேண்டும். முதல் பாகம் முடிந்ததுமே, எல்லாம் தெரிந்தவள் போல வேலையில் இறங்கிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்தான்.

பழைய சாமான் கடையில் கிடைத்த தேக்கு நாற்காலி அது. கை வைத்தது, முதுகு உயர்ந்தது. ஒரு பின்கால் மட்டும் ஆடியது. அந்தக் காலைக் கழற்றி, துளைக்குள் புதுப் பசையை ஊற்றி, மறுபடி செருகிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். அந்தப் பளபளப்பைப் பார்த்து எனக்கே தலைக்கனம் ஏறிவிட்டது. ஏழு மாத வயிற்றோடு வந்திருந்த அக்காவுக்காக அதை ஜன்னலோரம் போட்டு வைத்தேன்.

இன்று மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தார். சமையலறையில் நின்றபடி இரண்டாம் பாகத்தைப் போட்டேன். துளைக்குள் காய்ந்து கிடக்கும் பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டுமாம். அதன்மேல் ஊற்றும் புதுப் பசை மரத்தைப் பிடிக்காதாம். சில நாள் தாங்கிவிட்டு, பாரம் ஏறும்போது சட்டென்று கழன்றுகொள்ளுமாம்.

நான் சுரண்டவில்லை. கெட்டியாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன்.

அறைக்கு ஓடினேன். அக்கா அந்த நாற்காலியில்தான் கண் அயர்ந்திருந்தாள். போன தடவை ஆறாம் மாதத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவள். கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவள் லேசாக அசைந்தாலே பின்கால் கிறீச்சிட்டது. காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டுப் பின்னால் சாய்வாள். பாரமெல்லாம் அந்தக் காலில்தான் இறங்கும்.

சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்து, சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்து, காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"கீழ என்னடி பண்றே?" அக்கா விழித்துவிட்டாள்.

"தோடு விழுந்துடுச்சு. நீ அசையாம இரு."

"அது கிடக்கட்டும். குழந்தை அசையுதான்னு கொஞ்சம் கையை வச்சுப் பாரேன்."

"அப்புறம் பார்க்கறேன்க்கா."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மாவும் அப்புறம்ங்கறாங்க. அவரும் தொடறதில்ல. இப்ப நீயுமா? என்னைத் தொடவே எல்லாருக்கும் பயம்."

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"பயம்தான்க்கா. உன்னைப் பார்த்து இல்ல, இந்த நாற்காலியைப் பார்த்து. கால் கழண்டுக்கிட்டிருக்கு. எல்லாம் என் வேலைதான். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, முன்னால சாஞ்சு மெதுவா எழுந்திரு."

எழுந்தாள். கம்பியைப் பிடித்தபடி கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். கால் என் கையோடு வந்துவிட்டது. நாற்காலி என் தோள்மேல் சரிந்தது. நல்ல திட்டு விழும் என்று நினைத்தேன்.

"இப்ப ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு, வா" என்றாள்.

வயிற்றில் கை வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. அக்கா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். நாற்காலியைப் பற்றிய பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. நெடுநேரம் கழித்து, உள்ளங்கைக்கு அடியில் சின்னதாக ஓர் உதை வந்தது.

அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"காலையிலேர்ந்து அசைவே தெரியலடி. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் அந்த நாற்காலியில போய் உட்கார்ந்திருந்தேன்."