அத்தான் நிரப்பிய கட்டங்கள்

ஷோரூமில் கார் விற்பவன் வேறு, நான் வேறு. கார் வாங்கி, கையெழுத்துப் போட்டுப் போட்டுக் களைத்து உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் கூடுதல் வாரண்டியைக் கட்டுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாகக் கட்டுகிறேன். அக்கா வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

அத்தான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். முதுகு போய் வேலையை விட்டதும், வாடகைக்கு ஓட்டலாம் என்று எங்களிடம் கார் எடுத்தார். அந்த வண்டி ஓடினால்தான் வீடு ஓடும். வாரண்டித் தாள்களை நீட்டியபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆயிலை நானே மாத்திக்கலாமா?"

அன்று மாதக் கடைசி. என் டார்கெட்டுக்கு இன்னும் ஒன்று குறைந்தது.

"தாராளமா மாத்துங்க அத்தான். உங்களைவிட ஒழுங்கா யாரு மாத்தப் போறா?" என்றேன். அது முகஸ்துதி இல்லை, உண்மை. எங்கள் சர்வீஸில் மாற்றி சீல் வாங்காவிட்டால் வாரண்டி செல்லாது என்று அந்தத் தாள்களின் பதினோராம் பக்கம் நேர்மாறாகச் சொல்கிறது என்பதும் உண்மை. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

நான்காம் வருடம், சவாரி போய்க்கொண்டிருக்கும்போதே டைமிங் செயின் அறுந்து இன்ஜின் நாசமானது. எனக்குப் பெரிய பயமில்லை. இப்படி மாட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்கு, சர்வீஸ் பிரிவு ஆளைத் தாஜா பண்ணி, புத்தகத்தில் காலியாக இருக்கும் கட்டங்களில் பழைய தேதி போட்டு சீல் குத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். யோக்கியமான வேலை இல்லைதான், ஆனால் இன்ஜின் கிடைத்துவிடும். சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

பிரித்துப் பார்த்தேன். ஒரு கட்டம் காலியில்லை. சீல் விழவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நீல மையில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் ரகம், ஃபில்டர் எண். அடியில் 'நானே மாற்றினேன்' என்று எழுதிக் கையெழுத்து. டிப்போப் பழக்கம் அது. அங்கே எழுதாத வேலை செய்யாத வேலை. மனுஷன் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார். வெட்கமில்லாமல் எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

வாரண்டிக் கம்பெனி கைவிரித்தது. அத்தான் நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நான் அப்படிச் சொன்னதாக ஒத்துக்கொண்டால் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சாவகாசமாகச் சொன்னார். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனாலும் காலையில் பல் தேய்க்கும்போது, சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

சின்ன அறை, நீள மேசை. மேனேஜர் என் பக்கத்தில், அத்தான் எதிரில். விசாரணை அதிகாரி புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக எழுதியவரைத் தான் கண்டதில்லை என்றார். வாரண்டியை விற்றவரே அனுமதித்திருந்தால் பொறுப்பு ஷோரூமுடையது, இன்ஜினை அவர்கள்தான் மாற்றித்தர வேண்டும் என்று விளக்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆயிலை அவரே மாத்திக்கலாம்னு நீங்க சொன்னீங்களா?"

ஒரே வார்த்தை போதும். முகத்தைத் துடைத்தேன், தண்ணீர் குடித்தேன். மேனேஜர் என்னைப் பார்க்கவேயில்லை. அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்தார். அதற்கு மேலும் கொடுத்தார்.

"அவர் சொல்லல சார்" என்றார் கடைசியில். "நான்தான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். புகார் அதோடு முடிந்தது. வெளியே வந்ததும் அத்தான், எனக்கு அரை நாள் லீவா முழு நாளா என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறார்களாம். திங்கட்கிழமையிலிருந்து அத்தான் லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறாராம், வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை. சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"எங்களுக்காக நீ அங்க அவ்வளவு வாதாடினியாமே, அத்தான் சொன்னாரு" என்றாள். "அதனால உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லக்கா, ஒண்ணும் ஆகல" என்றேன்.